முதல் மிடறு

இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் குளிசையை வைத்து மேர்சி அழுத்தினாள். அது நொருங்காமல் வழுக்கி நிலத்தில் விழுந்து, காஸ் சிலிண்டருக்குப் பின்னால் உருண்டு போனது. "சனியன்" என்று வாய்க்குள் திட்டிக்கொண்டு குனிந்து எடுத்தாள். முன் அறையில் அப்பா சவப்பெட்டிக்குள் கிடந்தார். அவரைச் சுற்றியிருந்த பெண்கள் செபமாலையில் பாதிதூரம் வந்திருந்தார்கள். அவர்களுடைய குரல் ஏறி இறங்குவது குசினிவரை கேட்டது. அவள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு மறுபடி கரண்டியை எடுத்தாள்.

குளிசை அண்ணன் எமில்ராஜுடையது. கிழமை நாட்கள் எழுதிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் அவற்றை நாளுக்கு ஒன்றாகப் போட்டு, அந்தோனியார் சுருவத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். காலையில் எழும்பியதும் அவன் அந்த நாளின் மூடியைத் திறந்து குளிசையைப் போட்டு, சுருவத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி கேட்பான். இன்று விடிய மெழுகுதிரி கொளுத்தப் போனபோது பார்த்தாள். அப்பா செத்துப்போன ஞாயிற்றுக்கிழமைக் குளிசையும் கிடந்தது. இன்றைய திங்கட்கிழமைக் குளிசையும் கிடந்தது. இப்போது கரண்டிக்குள் இருப்பது அதுதான்.

அவன் குடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தாள். ஏனென்றால், சற்று முன்னர்தான் வாசல் பந்தலுக்குள் கிறிஸ்ரோபர் சித்தப்பா பெரிய டொக்டர் கணக்கில் விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தாள்.

"குளிசையையும் சாராயத்தையும் கலக்கப்படாதாம். கலந்தால் ஆளை முடிச்சுப்போடும். அதாலை எமில் இண்டைக்கு ஒரு நாளைக்குக் குளிசையை விடட்டும். நாளைக்குத் திருப்பித் தொடங்கலாம்தானே."

கதிரைகளில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல யோசனை என்று ஒருவர் சொன்னார். சாராயத்தை விடலாம் என்ற யோசனை மட்டும் அந்தப் பந்தலில் ஒரு மனிதனுக்கும் வரவில்லை.

வராது. அவர்களுடைய மீன்வாடிப் பழக்கம் அப்படி. அங்கே குழி வெட்டுகிறவன் கூலிக்காரன் அல்ல, செத்தவரோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவன். பெட்டி இறங்கி மண் மூடியதும், மூத்த மகன் ஒரு போத்தலை உடைத்துத் தான் ஒரு மிடறு குடித்துவிட்டுக் குழி வெட்டியவர்கள் கையில் கொடுக்க வேண்டும். தான் குடிக்காமல் கொடுத்தால் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம். அது செத்தவருக்கு மரியாதைக் குறைவாம்.

எமில்ராஜுக்கு அந்த ஒரு மிடறு என்ன செய்யும் என்று மேர்சிக்குத் தெரியும். புயலில் வள்ளம் கவிழ்ந்து அவனுடைய கூட்டாளி கடலில் தாண்டு செத்துப்போன நாளிலிருந்து, அந்தக் கூட்டாளியின் குரல் இவன் காதுக்குள் கேட்கத் தொடங்கியது. 'வா, வா' என்று கூப்பிடும். குடித்தால் குரல் அடங்கும். வெறி முறிந்தால் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். கடைசியாகக் குடித்த முறை, உடுப்போடு கடலுக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றவனை அப்பாதான் தலைமயிரில் பிடித்து இழுத்து வந்தார்.

அப்பா சந்தியோகு அவனைக் கொண்டு அலையாத இடமில்லை. மன நோய்க்குப் பார்க்கிற இடத்தில், "முதல்லை குடியை விட்டிட்டு வரச் சொல்லுங்கோ" என்றார்கள். குடியை நிறுத்துகிற இடத்தில், "முதல்லை தலையைச் சரிப்படுத்திக்கொண்டு வாங்கோ" என்றார்கள். வெயிலில் வந்து சேர்ந்த மனுஷன் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "கடல் வத்தினால் கருவாடு தின்னலாம் எண்டு உடல் வத்திச் செத்துதாம் கொக்கு. உவை ரெண்டு பேரும் என்னைக் கொக்காக்கிப் போட்டினம் பிள்ளை."

பிறகுதான் கொக்குவிலில் அந்தப் பயிற்சி தொடங்கியது. குடியும் மன நோயும் ஒன்றாக இருக்கிறவர்களை ஒரே கதிரையில் இருத்தி, இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆலோசகர்களை உருவாக்குகிற படிப்பு. பாலர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மேர்சியை, "நீ போய்ப் படி" என்று அனுப்பியவர் அப்பா. அங்கே படிப்பித்த சுபாஸ்கரன் சேர்தான் வழி காட்டினார். எமில்ராஜுக்குக் குடிப்பழக்கத்துக்கும் காதில் கேட்கிற குரலுக்கும் சேர்த்து வைத்தியம் கிடைத்தது. மகனுக்குத் துணையாகத் தானும் விடுகிறேன் என்று அப்பாவும் போத்தலைக் கைவிட்டார். ஊர் சிரித்தது. சந்தியோகு குடிக்காமல் இருந்தால் கடல் வற்றிவிடும் என்றார்கள். கடல் வற்றவில்லை. மனுஷன் குடிக்காமலே இருந்து, நேற்று விடிய நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

குளிசை கடைசியில் நொருங்கியது. மேர்சி தூளை வழித்துத் தேத்தண்ணிக்குள் போட்டுக் கலக்கினாள். கசப்புத் தெரியாமல் இருக்க இன்னொரு கரண்டி சீனி போட்டாள்.

கதவு மெல்லத் திறந்தது. அவளோடு ஒன்றாகப் பயிற்சி எடுக்கிற உதயகலா நின்றாள். கோப்பாயிலிருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தாள். தலைமுடி காற்றில் குலைந்திருந்தது. அவள் மேர்சியின் கையைப் பிடிக்க வந்தவள், கரண்டியில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைக் கண்டு நின்றுவிட்டாள்.

"அண்ணைக்கோ?"

"ஓம். ரெண்டு நாளாப் போடேல்லை. குடிக்கப் போறார். எனக்கு வடிவாத் தெரியும்."

"உதுக்குள்ளை மருந்து கிடக்கெண்டு அவருக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சால் குடிப்பாரோ?"

உதயகலா பதில் சொல்லவில்லை. வகுப்பிலும் அவள் இப்படித்தான். ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் ஆலோசகராகவும் நடிக்கிற பயிற்சியில், உதயகலா வாயைத் திறக்காமல் இருந்தே எதிரில் இருப்பவரைப் பேச வைத்துவிடுவாள். மேர்சியோ இரண்டு விநாடி மௌனத்தைக்கூடத் தாங்கமாட்டாள். ஒருநாள் சேர் தலையில் கை வைத்துக்கொண்டு, "மேர்சி, கேள்வியையும் நீங்களே கேட்டுப் பதிலையும் நீங்களே சொல்லிப்போட்டியள். இனி அந்த மனுசன் எழும்பி வீட்டை போகலாம்" என்றார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

இப்போது அந்த மௌனத்துக்குள் நின்று மேர்சி தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தாள். இதை அவன் குடித்துவிட்டுப் பிறகு கண்டுபிடித்தால், இனி இந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்கமாட்டான். அவளுடைய கையால் தருகிற எதையுமே குடிக்கமாட்டான்.

யன்னலால் கையை நீட்டிக் கோப்பையைக் கவிழ்த்தாள். வாழை அடியில் தேத்தண்ணி விழுந்த சத்தம் கேட்டது.

"வீட்டு ஆளுக்கு நாங்கள் ஆலோசகரா இருக்கேலாது எண்டு சேர் சொன்னவர் எல்லே" என்றாள் உதயகலா. "நீங்கள் இண்டைக்குத் தங்கச்சியா மட்டும் இருங்கோ. அது காணும். அவருக்கு ஆரோடையும் கதைக்கோணும் போலை இருந்தால் நான் இருக்கிறன்."

எமில்ராஜ் பின்வளவில், குவித்துக் கிடந்த வலையின் மேல் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தான். நாற்பது தாண்டிய ஆள், கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளை மாதிரி இருந்தான்.

"அண்ணை."

"என்ன, எடுக்கிற நேரமாச்சுதோ?"

"இல்லை. பங்குச் சுவாமி பின்னேரம்தான் வருவார்." அவள் வலையில் ஒரு பக்கமாக இருந்தாள். என்ன கேட்பது என்று தெரியாமல், படித்ததில் ஒன்றை எடுத்து விட்டாள். "இண்டைக்கு உங்களுக்கு எது பாரமா இருக்கு?"

அவன் திரும்பிப் பார்த்தான். "உது சேர் சொல்லித்தந்த கேள்வியோ?"

"ஓம்."

"நல்ல கேள்வி. வேறை ஆரையும் பாத்துக் கேள்."

மேர்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா உள்ளே கிடக்கும்போது சிரிக்கிறேனே என்று உடனே அழுகையும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"குளிசையை அரைச்சு உங்கடை தேத்தண்ணிக்குள்ளை போட்டனான்."

"எந்தத் தேத்தண்ணி? எனக்கு இன்னும் தரேல்லையே."

"ஊத்திப்போட்டன். உங்களுக்குத் தெரியாமல் தரப்படாது எண்டு ஊத்திப்போட்டன்." சொல்ல நினைத்ததற்கும் மேலாக வாய் போனது. "எனக்குப் பயம் அண்ணை. நீங்கள் குடிக்கிறதுக்காண்டித்தான் குளிசையை விட்டனீங்கள். அப்பாவை அடக்கம் செய்யிற அண்டைக்கே உங்களையும் பறிகுடுக்க என்னாலை ஏலாது."

மதிலில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. மேர்சிக்குள் பத்துக் கேள்விகள் முட்டிக்கொண்டு நின்றன. குரல் கேக்குதோ, சித்தப்பா போத்தில் வாங்கி வைச்சிட்டாரோ, எனக்குச் சத்தியம் பண்ணித் தாங்கோ. சத்தியத்தைப் பற்றியும் சேர் சொல்லியிருந்தார். 'சத்தியம் வாங்காதேங்கோ. இண்டைக்குச் சத்தியம் வாங்கினால் நாளைக்குப் பொய் வாங்கவேண்டி வரும்.' அவள் கால் விரல்களை வலைக் கண்ணுக்குள் விட்டு இறுக்கிக்கொண்டு வாயை மூடியிருந்தாள். செத்தவீட்டில் அழாமல் இருப்பதைவிட அது கஷ்டமாக இருந்தது.

காகம் பறந்து போனபின் எமில்ராஜ் கதைத்தான்.

"குடிக்கிறதுக்கு விடேல்லையடி."

அவள் காத்திருந்தாள்.

"அழுறதுக்கு."

அவனுடைய கை வலையின் ஒரு முடிச்சைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தது. "உந்தக் குளிசை தொடங்கினாப் பிறகு குரல் அடங்கினது. அது நல்லம். கும்பிடவேணும். ஆனா அதோடை மற்றதெல்லாம் அடங்கிப் போச்சு. கோவம் வராது. சிரிப்பு அரைவாசிதான் வரும். அழுகை வரவே வராது. அம்மா அழுறா, நீ அழுறாய், சித்தப்பா வெறியிலை எண்டாலும் அழுறார். நான் பெட்டியடியிலை நிண்டு வாறவைக்குத் தலையாட்டுறன், கல்யாண வீட்டிலை நிக்கிற மாதிரி. அந்த மனுசன் என்னைக் கொண்டு எவ்வளவு அலைஞ்சது. அதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட ஏலாத மகன் என்ன மகன்? அதுதான், ரெண்டு நாள் போடாமல் விட்டால் வரும் எண்டு பாத்தன்."

"வந்ததோ?"

"இல்லை. குரல்தான் வந்தது. நேற்றுப் பின்னேரம், கொஞ்சமா."

வடிவாத் தெரியும் என்று உதயகலாவிடம் மேர்சி சொன்னாளே, என்ன தெரிந்தது அவளுக்கு? பெட்டியை வாங்கினாள், குளிசையை நாளுக்கு நாள் பிரித்துப் போட்டாள், போட்டாரா என்று காலையில் பார்த்தாள். போட்டபிறகு உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்று இவ்வளவு காலத்தில் அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

"அண்ணை, உதை டொக்டரிட்டைச் சொல்லலாம். அளவைக் குறைப்பினம், இல்லாட்டி வேறை மருந்து மாத்துவினம். நீங்களா நிப்பாட்டப்படாது."

"அழுகை வரேல்லை எண்டு போய்ச் சொல்லுறதோ? எனக்குப் பைத்தியம் எண்டெல்லே நினைப்பினம்."

"அப்பிடி நினைச்சுத்தானே மாதா மாதம் வரச் சொல்லுகினம்."

எமில்ராஜ் சிரித்தான். அவன் சொன்னது மாதிரியே அரைவாசிச் சிரிப்பு. ஆனாலும் சிரிப்பு.

"குழி மூடினாப் பிறகு சேமக்காலையிலை சித்தப்பா போத்திலைக் கையிலை தருவார்" என்றாள் அவள்.

"தருவார்."

"என்ன செய்வியள்?"

"தெரியாது மேர்சி." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "உண்மையாத் தெரியாது."

சத்தியம் வாங்கியிருந்தால்கூட அவளுக்கு இந்த அளவு நம்பிக்கை வந்திராது. அதே நேரம் இந்த அளவு பயமும் வந்திராது.

"நான் பக்கத்திலை நிக்கவோ?"

"நில்லு."

யாகப்பர் கோயிலில் பூசை முடிந்து, ஊர்வலம் சேமக்காலைக்கு வந்தபோது வெயில் தணிந்துவிட்டது. கடற்காற்றில் சுவாமியின் அங்கி படபடத்தது. தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி, பெட்டியை இறக்கினார்கள். அம்மா மார்கிரட் குழியை நோக்கி ஓடப் பார்த்தாள். உதயகலா அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அம்மா, "என்ரை ராசா, குடிச்சுக் குடிச்சு என்னை வதைச்சாய், குடியை விட்டு மனுசனா இருக்கிற நேரத்திலை போறியே" என்று கத்தினாள். மேர்சியும் வாய் விட்டு அழுதாள். எமில்ராஜ் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டான். கண் காய்ந்து கிடந்தது.

குழி மூடியாயிற்று. வெட்டியவர்கள் மண்வெட்டிகளைச் சாய்த்து வைத்துவிட்டுக் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். சுவாமி அந்தப் பக்கம் திரும்பும்வரை பார்த்திருந்த கிறிஸ்ரோபர் சித்தப்பா, பையிலிருந்து போத்தலை எடுத்து மூடியை உடைத்து எமில்ராஜின் கையில் வைத்தார்.

"இந்தா. ஒரு முடறு எடுத்துப்போட்டுக் குடு."

சாராய மணம் மேர்சியின் மூக்குவரை வந்தது. அவனுக்கு எப்படி வந்திருக்கும்! தட்டிவிடலாம் என்று அவளுடைய கை துடித்தது. 'சித்தப்பா, உங்களுக்கு மூளை இல்லையோ' என்று கேட்க நாக்கு எழும்பியது. அவள் அண்ணனின் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான் செய்தாள். அவனுடைய தோள் நடுங்கியதை அவளுடைய தோள் உணர்ந்தது.

எமில்ராஜ் போத்தலைப் பார்த்தான். பிறகு குழி வெட்டியவர்களில் மூத்தவரான ஏசுதாசனிடம், அப்பாவோடு சிறு வயதிலிருந்தே தொழிலுக்குப் போனவரிடம், அதை அப்படியே நீட்டினான்.

"நீங்கள் குடியுங்கோ. எனக்கு வேண்டாம்."

"டேய், என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?" சித்தப்பாவுக்குக் கோபம் வந்தது. "கூலிக்காரனுக்குக் குடுக்கிற மாதிரிக் குடுக்கிறாய். ஒரு முடறடா. கொப்பனுக்காக ஒரேயொரு முடறு."

"அப்பா..." என்று தொடங்கினான் எமில்ராஜ். அப்பாவும் குடிக்கவில்லைத்தானே என்று சொல்ல நினைத்தானோ, அப்பா என்னை விட்டிட்டுப் போட்டாரே என்று சொல்ல நினைத்தானோ, அது அவனுக்குத்தான் தெரியும். அந்தச் சொல்லுக்கு மேல் போகவில்லை. வாய் கோணியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு அழுகை வந்தது. புதிய மண்ணில் முழங்காலில் விழுந்து, நெற்றி மண்ணில் பட, "அப்பா, அப்பா" என்று அந்த ஆம்பிளை கதறினான். சேமக்காலை வாசலுக்குப் போய்விட்ட சனம் திரும்பி வந்து பார்த்தது.

மேர்சி அவனுடைய முதுகில் கையை வைத்தாள். அழாதேங்கோ என்று சொல்லவில்லை. யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயந்தாள்.

ஏசுதாசன் தன் கையில் இருந்த போத்தலைச் சித்தப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"விடு கிறிஸ்ரோபர். சந்தியோகு உதைத் தொடாமல்தான் போனவன். அவன்ரை குழியடியிலை எங்களுக்கும் உது வேண்டாம். வீட்டை போய்த் தேத்தண்ணி குடிப்பம்."

சித்தப்பா போத்தலும் கையுமாக நின்றார். எமில்ராஜின் அழுகையைப் பார்த்துப் பார்த்து அவருடைய முகமும் உடைந்தது. போத்தலைப் பைக்குள் வைத்துவிட்டு வந்து, அண்ணன் மகனைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்.

சேமக்காலை வாசலில் உதயகலாவின் ஸ்கூட்டி நின்ற இடம் வெறுமையாக இருந்தது. செத்தவீட்டுக்கு வந்தவர் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அவள் அம்மாவை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுச் சொல்லாமலே போயிருந்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் கால் கழுவிப் பந்தலுக்குள் இருந்தார்கள். முன் அறையில், பெட்டியைத் தாங்கியிருந்த நான்கு கதிரைகள் மட்டும் தனியாக நின்றன. மேர்சி பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்தாள். எமில்ராஜின் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. மூக்கு அடைத்திருந்தது. அவனுடைய முகத்தை அவள் நெடுநாளுக்குப் பிறகு பார்ப்பது போலிருந்தது. அவன் உள்ளங்கையை மூடி எதையோ வைத்திருந்தான்.

தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து அதற்குள் எட்டிப் பார்த்தான். அவளுக்கு மட்டும் கேட்கக் கேட்டான்.

"உதுக்குள்ளை ஒண்டும் இல்லைத்தானே?"

மேர்சி அந்தக் கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

அவன் உள்ளங்கையை விரித்து, அதில் இருந்ததை வாயில் போட்டு, ஒரு மிடறு குடித்தான். பிறகு அந்தக் கோப்பையை ஏசுதாசனிடம் நீட்டினான். அவர் அவனை ஒரு முறை பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். குழி வெட்டியவர்கள் எல்லோரும் ஒரு வாய் குடித்தார்கள். கடைசியில் கோப்பை கிறிஸ்ரோபர் சித்தப்பாவிடம் போனது. அவர் அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"சீனி காணாது பிள்ளை" என்றார். ஆனால் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

மேர்சி சீனி எடுக்க உள்ளே போனாள். அந்தோனியார் சுருவத்துக்குப் பக்கத்தில் மெழுகுதிரி பாதி எரிந்திருந்தது. பெட்டியில் ஞாயிற்றுக்கிழமை மூடி திறந்து கிடந்தது. அவள் அதை மூடாமல் அப்படியே விட்டுவிட்டுச் சீனிப் போத்தலை எடுத்தாள்.